நீஸுக்குப் பதினெட்டுப் பேர்

லட்சுமிநாராயணனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே போனாலும் ஆள் சேர்த்துவிடுவார். பல் வைத்தியரிடம் போனால்கூட வழியில் இரண்டு பேரைப் பிடித்து, "சும்மாதானே இருக்கீங்க, வாங்க, பல்லைக் காட்டிட்டு வந்துருவோம்" என்று கூட்டிக்கொண்டு போவார். அதையே தொழிலாகவும் வைத்துக்கொண்டதால் யாருக்கும் அது வியாதியாகத் தெரியவில்லை. மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருபத்தெட்டு வருஷமாக யாத்திரை சர்வீஸ் நடத்திவந்தார். காசி, துவாரகை, பத்ரி, பண்டரிபுரம். ஒரு பஸ், நாற்பது பேர், முன்னால் மஞ்சள் கொடியோடு அவர். சௌராஷ்டிரக் குடும்பங்களில் அந்தக் கொடிக்குப் பின்னால் நடக்காத பெரியவர்களே கிடையாது என்று சொல்லலாம்.

அந்த நாற்பது பேருக்கும் சமைத்துப் போட்டவள் அவர் மனைவி சீதாலட்சுமி. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் சங்கடமே. முதல் வருஷம் திருப்பதி போன இடத்தில் சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். "இந்த ஒரு தடவை மட்டும் பாத்துக்க சீதா" என்று அவர் கேட்டார், அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியைப் பிடித்தாள். அவள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு நாற்பது பேரும் ஆகா ஓகோ என்றார்கள். அத்தோடு தீர்ந்தது. பஸ் எந்த ஊரில் நின்றாலும் எல்லோரும் கோவிலைப் பார்த்துப் போவார்கள், அவள் சத்திரத்தின் பின்கட்டைப் பார்த்துப் போவாள். கூட்டம் திரும்பி வரும்போது இலை போட்டிருக்க வேண்டுமே.

2004ஆம் வருஷம். அவர்களுடைய ஒரே மகள் ஸ்ரீவர்ஷினி, கல்யாணமாகி பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். அந்த வீட்டில் பேச்சு சௌராஷ்டிரத்தில்தான் நடக்கும். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"அம்மா, நீயும் அப்பாவும் ஜூன் மாசம் வாங்க. இங்கேயிருந்து ரயில்ல அஞ்சு மணி நேரத்துல நீஸ்னு ஒரு ஊரு. மத்தியதரைக் கடலோரம். நாம நாலு பேரும் மூணு நாள் போய் தங்கி, சும்மா சுத்திப் பாத்துட்டு வருவோம்."

"சாப்பாட்டுக்கு?"

"ஓட்டல். நீ அந்த மூணு நாளும் கரண்டியைத் தொட்டே, நான் உன்கூடப் பேச மாட்டேன்."

சீதாலட்சுமி சிரித்தாள். ஆனால் போனை வைத்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். சும்மா சுத்திப் பார்ப்பது என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. ஒரு வாரம் கழித்து மகள் அனுப்பிய பட அட்டை வந்தது. வளைந்து கிடக்கிற நீலக் கடல், மணலுக்குப் பதில் கூழாங்கல், கரையோரம் செம்மண் நிறத்தில் வீடுகள். அதை பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தினம் ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். ஐம்பத்து நாலு வயசில் தனக்கு இப்படி ஓர் ஆசை வரும் என்று அவளே நினைத்ததில்லை.

யாரிடமும் சொல்லாமல் நேதாஜி ரோட்டில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினாள். விடிந்ததும் மொட்டை மாடியில் சேலைக்கு அடியில் அதை மாட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பழகினாள். அடுத்த ஞாயிறு மகளிடம், "அந்தக் கடலும் உப்பாத்தான் இருக்குமா? கல்லுல நடந்தா வழுக்குமா? ரொம்ப நேரம் நின்னு பாத்தா யாராச்சும் ஏதாச்சும் சொல்வாங்களா?" என்று வரிசையாகக் கேட்டாள். மகள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்தாள். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா" என்றாள் மெதுவாக.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை பெருமாள் கோவிலுக்குப் போன லட்சுமிநாராயணன், சுங்கடிச் சேலை வியாபாரி ராஜகுருவிடம் வாயை விட்டுவிட்டார். "ஜூன்ல பிரான்சு போறோம்ல." ராஜகுரு பழைய பயணி, எட்டு யாத்திரை வந்தவர். "எங்களை விட்டுட்டா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். போதாதா? மனிதருக்குள் தூங்கிக்கொண்டிருந்த கொடி எழுந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதினாறு பேர்.

"பாஷை தெரியாத ஊரு, சுத்த சைவம் கெடைக்குமான்னு தெரியல. அண்ணி வர்றாங்கல்ல?" என்று வீட்டுக்கே வந்து கேட்டார் ராஜகுரு.

"அவ இல்லாமயா" என்றார் லட்சுமிநாராயணன்.

"அப்ப சரி. அண்ணி கை ரசம் இருந்தா நான் சந்திரமண்டலத்துக்கும் வருவேன்."

சீதாலட்சுமி உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ராஜகுரு போனதும் லட்சுமிநாராயணன் முகமெல்லாம் பல்லாக வந்து, "சீதா, நம்மளோட சேத்துப் பதினெட்டு" என்றார். அவள் "ம்" என்றாள். அந்த "ம்" எத்தனை தினுசு என்று அவருக்கு இருபத்தெட்டு வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு எல்லாமே சம்மதமாகத்தான் கேட்கும்.

நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. பஸ்ஸில் யாருக்காவது மயக்கம் வந்தால் மடியில் படுக்கவைத்து விசிறுவார். எழுபது வயசுக்காரரை முதுகில் சுமந்து மலையேற்றியிருக்கிறார். பெண்டாட்டி மட்டும் அவர் கணக்கில் பயணியே இல்லை. தன் கை காலைத் தனியாக யாராவது எண்ணிப் பார்ப்பார்களா, அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் கொதித்தாள். "அப்பா, பதினெட்டுப் பேரு எங்க தங்குறது?"

"ஏதாச்சும் சத்திரம் இருக்கும், பாரு."

"நீஸ்ல சத்திரமெல்லாம் கெடையாதுப்பா."

"விசாரிக்காம சொல்லாத. கடற்கரை ஊருன்னா சத்திரம் இல்லாம இருக்காது."

சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவை அறிந்தவள்தானே, கடைசியில் வாடகைக்கு ஒரு பெரிய வீடு பார்த்துச் சொன்னாள். "நாலு அடுப்பு இருக்காம் சீதா" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். சீதாலட்சுமி கட்ட வேண்டிய பொடிகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

மறுநாளே மாடியில் வத்தல் பிழிகிற வேலை தொடங்கிவிட்டது. யாத்திரைகளில் உதவிக்கு வரும் தங்கப்பொண்ணு திருப்பரங்குன்றத்திலிருந்து வந்திருந்தாள். பிழிந்தபடியே அவள் கேட்டாள்:

"ஏக்கா, இம்புட்டும் அந்தச் சீமைக்கா?"

"ஆமா. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எல்லாம் கட்டணும்."

"நான் வரலைல. ஒத்தையில எப்படிக்கா சமாளிப்பீக?"

"சமாளிக்கணும்."

தங்கப்பொண்ணு மூலையில் கிடந்த ஷூவைப் பார்த்தாள். "இது யாருதுக்கா, புத்தம் புதுசா?"

"என்னுதுதான். சும்மா வாங்குனேன்" என்றாள் சீதாலட்சுமி. மாவு படாமல் அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள். தங்கப்பொண்ணு விவரமானவள், மேற்கொண்டு கேட்கவில்லை. "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னக்கா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த துணியை விரித்தாள்.

சொல்லியிருக்கலாம். ராத்திரி பகல் அதையேதான் நினைத்தாள். சொன்னால் அவர் என்ன செய்வார்? பதினாறு பேரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, ஒரு பயணம்கூட அவர் பின்வாங்கியதில்லை. இந்த வயசில் ஊர் சுத்த ஆசைப்பட்டு அவர் பேரைக் கெடுப்பதா? வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் விழுங்கிக்கொண்டாள். பட அட்டையை எடுத்துப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள்.

எல்லோருக்குமாகச் சேர்த்து விசா வாங்கப் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பாண்டிச்சேரி போனார்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதிலிருந்து, பதினெட்டுப் பேருடைய பாஸ்போர்ட்டும் மனுக்களும் இருந்த பையை லட்சுமிநாராயணன் மடியிலேயே வைத்திருந்தார். மேலே அவரே ஆள் பிடித்து இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம். யாத்திரைக்கு எப்போதும் நோட்டீஸ் அடிக்கிற பழக்கத்தில், கடிதத்தையும் அதே மாதிரி அடித்திருந்தார். குழுத் தலைவர்: லட்சுமிநாராயணன். சமையல் பொறுப்பு: சீதாலட்சுமி.

விசா ஆபீஸ் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். கடிதத்தை நிதானமாக வாசித்தாள். பிறகு நிமிர்ந்து சீதாலட்சுமியைப் பார்த்தாள்.

"சீதாலட்சுமி நீங்களா? நீங்க அங்க சமையல் வேலைக்குப் போறீங்களா, சுத்திப் பாக்கப் போறீங்களா?"

"பாக்கத்தான் மேடம். என் சம்சாரம் அவ" என்று முந்திக்கொண்டார் லட்சுமிநாராயணன்.

"லெட்டர்ல சமையல்னு இருக்கே சார். வேலைக்குன்னா அது வேற விசா. அவங்களே சொல்லட்டும். நீங்க சொல்லுங்கம்மா, எதுக்குப் போறீங்க?"

சீதாலட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். 'சொல்லு, சொல்லு' என்று அவர் தலையை ஆட்டினார். சுத்திப் பாக்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தப் பொய் அவளுக்கு வாயில் வரவில்லை.

"எனக்கே தெரியலம்மா" என்றாள். "இவரு ஊரு பாக்கத்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போவாரு. நானும் போவேன். காசிக்குப் பதினோரு தடவ போயிருக்கேன். விடியக்காலம் இருட்டுல ஒரு முழுக்கு போட்டுட்டு அடுப்படிக்கு வந்துருவேன். வெளிச்சத்துல கங்கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இந்த ஊரையாவது பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. ஆனா பதினெட்டுப் பேரு போறோம். அப்ப நான் சமையலுக்குத்தானம்மா போறேன்?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கவுண்டர் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

லட்சுமிநாராயணன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் படித்துறையில் நின்று நாற்பது தலையையும் எண்ணியிருக்கிறார். அந்த எண்ணிக்கையில் அவள் ஒரு தடவைகூட இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. மெல்லக் கையை நீட்டி, கவுண்டரில் வைத்திருந்த மனுக்கட்டை இழுத்தார். இரண்டு மனுக்களை மட்டும் உருவி முன்னால் வைத்தார். மற்ற பதினாறையும் பைக்குள் திரும்ப அடுக்கினார்.

"அதெல்லாம் என்ன சார்?"

"அது இல்லம்மா. நாங்க ரெண்டு பேருதான் போறோம். எனக்கு ஒரு வெள்ளைத்தாள் குடுங்க, வேற லெட்டர் எழுதித் தர்றேன்."

வெளியே வந்ததும் சீதாலட்சுமிக்குப் படபடவென்று வந்தது. "என்ன காரியம் பண்ணிட்டீங்க? ராஜகுரு அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பீங்க? எல்லாரும் துணிமணிகூட எடுத்துட்டாங்களாம்."

"வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வாரேன். திட்டுவாங்க. திட்டட்டும்" என்றார். நாலடி நடந்துவிட்டு நின்றார். "நீ ஏன் சீதா ஒரு தடவகூட எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஒரு மரத்தடிக்கு அவளைக் கூட்டிப்போய் நிறுத்தி, "இப்பக் கேக்குறேன். அந்த மூணு நாளும் நீ சொல்றதுதான். என்னென்ன பாக்கணும்? சொல்லு, எழுதிக்கிறேன்" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சீதாலட்சுமி யோசித்தாள். மகள் போனில் சொன்ன பூச்சந்தை, மலைமேல் கோட்டை, பழைய தெருக்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. எல்லாம் பார்க்க ஆசைதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஒருநாள் சாயங்காலம் அந்தக் கடலுக்கு முன்னாடி உக்காரணும். நீங்களும் உக்காரணும். யாரையும் தேடாம, யாரையும் எண்ணாம, எந்திரிச்சு ஓடாம, எம் பக்கத்துல ஒரு மணி நேரம். கல்யாணமாகி நாம அப்படி ஒரு எடத்துலயும் உக்காந்ததில்லங்க."

லட்சுமிநாராயணன் எழுதப் போனார். எழுத்துத் தெரியவில்லை, கண் மறைத்தது. "சரி" என்றார். பேனாவைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அத்தனை பேர் போய்வருகிற தெருவில், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.