மாமியின் குரலில் பேசிய நாத்தனார்

என் கணவரின் அம்மாவான மாமி இறந்து நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுவாரம், கடலூர் முதுநகர் வீட்டைப் பூட்டிவிட்டு நாத்தனாரை அண்ணாமலை நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் கணவரின் தங்கை. முப்பத்தொரு வயது, ஆட்டிசம் உள்ளவள். அதுவரை மாமியைத் தவிர வேறு யாருடனும் தங்கியதில்லை. எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கூடத்துச் சன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருப்பாள்.

பத்து நாள் போயிருக்கும். காலை வெயில் ஏறிவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பால் பொங்குது பாரு" என்று கூடத்திலிருந்து மாமி சொன்னார்.

சொன்னார் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. 'பாரு'வில் இருந்த இழுப்பும், முடித்ததும் வந்த வறட்டு இருமலும் அவருடையவை. மடித்த துணியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். பால் பாத்திரத்தின் விளிம்பில் நின்றது. கூடத்தில் நாத்தனார் மட்டும் இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி கேட்டது. "மோட்டார நிறுத்து, தொட்டி ரொம்பிடுச்சு" என்று குரல் வரும். மாடிக்குப் போனால் தண்ணீர் வழியத் தொடங்கியிருக்கும். "யாரோ வராங்க" என்று வரும். சற்று நேரம் கழித்துத்தான் கேட் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒரு மாலை கணவர் செருப்பைக் கழற்றும்போது, "வந்துட்டியாப்பா" என்று கேட்டது. "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்னது உறைத்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டப்பகலில் குளியலறைக் கதவைத் தாழிட எனக்குப் பயமாக இருந்தது.

மாமியின் அக்கா மங்கலம்பேட்டையிலிருந்து பார்க்க வந்தார். ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டுவிட்டு என்னை அடுப்படிக்குள் இழுத்தார். "இது அவ பேசலம்மா. என் தங்கச்சிதான் போவாம நிக்கிறா. தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயி ஓதிடுவோம்" என்றார். நான் சரியென்றுதான் சொன்னேன். கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடலூரில் இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் எங்கள் இருவரையும் அழைத்துப் போனார்.

அந்தப் பெண் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். காரணம் இல்லாமல் ஒருமுறையாவது அந்தக் குரல் வந்திருக்கிறதா? யோசித்துப் பார்த்தேன். வந்ததில்லை.

"தனித்தனி வார்த்தையா இவுங்களுக்கு வரல. காதுல விழுந்த பேச்ச, சொன்னவுங்க குரலோடயே எடுத்துச் சொல்றாங்க. என்ன சொல்றாங்கன்னு பாக்காதீங்க, எப்ப சொல்றாங்கன்னு பாருங்க" என்றார். காது நம்மைவிடக் கூர்மையாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

புரிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. வீட்டுக்குள் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு மூச்சு முட்டுதுக்கா. இன்னும் எத்தன நாளைக்குன்னு தெரியல."

என் குரல். நடுவில் விட்ட பெருமூச்சும் என்னுடையது. மூன்று நாள் முன்பு கதவைச் சாத்திக்கொண்டு என் அக்காவிடம் போனில் சொன்னது. யாரோ என் உடம்பைக் கழற்றி உள்ளே உட்கார வைத்துவிட்டு, என்னை வெளியே நிறுத்தியதுபோல இருந்தது. திரும்ப மாடிக்கே போய்விடலாமா என்று தோன்றியது. அவமானமும் சேர்ந்துகொண்டது. கேட்டுவிட்டாள், இப்போது என் முகத்துக்கு நேராகச் சொல்லிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

உள்ளே போனேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் முடங்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கும் மெஷின் சத்தம் என் காதில் உறைத்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவள் என்னைச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் மூச்சு முட்டியது. அதைச் சொல்ல அவளிடம் இருந்தது என் பேச்சு ஒன்றுதான்.

சன்னல்களைச் சாத்தினேன். தொடாமல் தள்ளி உட்கார்ந்து, "சத்தம் ஜாஸ்தியா இருக்கு. உள் ரூமுக்குப் போவோம்" என்று மெதுவாகச் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். வெகுநேரம் கழித்து எழுந்து வந்தாள்.

அன்றிலிருந்து நானும் கணவரும் அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்றே சில பேச்சுகளை வீட்டில் பேசத் தொடங்கினோம். பசிக்கும்போது பசிக்குது என்றோம். தலை வலித்தால் அதைச் சத்தமாகச் சொன்னோம். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை நான் விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் "சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்று என் குரலிலேயே சொன்னாள். முதுகு சிலிர்த்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே சன்னலைச் சாத்தினேன். மாமியின் குரல் குறைந்துகொண்டே வந்தது. ஒரு விடுமுறை நாளில் கணவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். கூடத்திலிருந்து குரல் வரவில்லை.

போன மாதம் மூவரும் கடலூர் பஸ்ஸில் போனோம். புதுச்சத்திரம் தாண்டியதும், "வெயிலு கண்ணுக்குள்ள வருது. எடம் மாத்திக்கலாம்" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கரகரத்த, தடித்த குரல். மாமியுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அப்படி ஒரு குரலை நான் எங்கேயும் கேட்டதில்லை.

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து அவளுக்குத் தன் இடத்தைக் கொடுத்தார்.