இடுப்பளவில் நழுவிய கப்பல்

பெங்களூருக்குக் கடல் கிடையாது. ஏரிகள் உண்டு. சில நுரைக்கும், சில நாறும். கப்பல் மட்டும் எதிலும் வந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் நாற்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் ஒரு கப்பலை நினைத்துப் பொறாமையில் இளைத்துப்போனார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் இளைக்கவில்லை. இளைத்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

அவர் பெயர் அர்ஜுனன். ஜீவனஹள்ளி மூன்றாவது கிராஸ் தெருவில் வீடு. பத்தொன்பது வயதில் ஆம்பூரிலிருந்து வந்தவர். முதலில் காக்ஸ் டவுன் மொட்டை மாடிகளில் தாவித் தாவி கேபிள் டி.வி. ஒயர் இழுத்தார். வயது கூடியதும் தாவுவதை விட்டுவிட்டுத் தவழ ஆரம்பித்தார், அதாவது, ஐ.டி. கம்பெனிகளின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே நெட்வொர்க் ஒயர் இழுத்தார். இந்த நகரத்தில் எத்தனையோ பேர் அமெரிக்காவிடம் திட்டு வாங்குவது அவர் போட்ட ஒயர் வழியாகத்தான். ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு லேபிள் மாறியதில்லை. தொழிலில் அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது.

வாழ்க்கையில் இருந்த ஒரே வியாதியின் பெயர் ஹரிஷ்குமார். அதே கிராஸ், இரண்டு வீடு தள்ளி. அதே கம்பெனி, அதே வயது. ஹரிஷ்குமார் எது வாங்கினாலும் அர்ஜுனனுக்கு நெஞ்சு கரிக்கும். ஒருமுறை ஹரிஷ்குமாருக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் தனி ஏ.சி. ரூம். போய்ப் பார்த்துவிட்டு வந்த அர்ஜுனன் இரண்டு நாள் தன் வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கும் வலிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

இந்த நிலையில்தான் கம்பெனி முதலாளி கோவிந்தப்பாவுக்குக் கோவாவிலிருந்து ஒரு வேலை வந்தது. ஒரு பெரும் பணக்காரரின் உல்லாசக் கப்பல். அறைக்கு அறை டி.வி., ஸ்பீக்கர், வைஃபை, கேமரா. எல்லாவற்றுக்கும் புது ஒயர். ஒயர்களை இங்கேயே அளந்து வெட்டிக் கட்டி, ஒரே ஒரு ஆளோடு அனுப்பினால் போதும்.

யார் அந்த ஆள் என்று அர்ஜுனனுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் சொல்லிவிட்டார். மனைவி பாஞ்சாலி தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

மறுநாள் கோவிந்தப்பா கையில் டேப்போடு வந்தார். தையல்காரரின் டேப்.

"நோடு அர்ஜுனா, இங்க பாரு, கப்பல்ல ஒயர் போற சந்து ரொம்பச் சின்னது. ஆள் உள்ள படுத்துத்தான் போகணும். கைய தூக்கு."

அர்ஜுனன் இடுப்பு நாற்பத்திரண்டு. மூச்சை இழுத்துப் பிடித்தபோது நாற்பது. ஹரிஷ்குமார் முப்பத்திரண்டு.

"சார், இது வேலைக்கு ஆள் எடுக்குறதா, பேண்ட் தைக்கிறதா?"

"சந்துக்குத் தொழில் தெரியாதப்பா. இடுப்புதான் தெரியும்."

இருபத்திரண்டு வருஷ அனுபவம் பத்து அங்குலத்தில் தோற்றது. அன்று இரவு ராகி முத்தைக் களியைக் கையால் தொடவில்லை அர்ஜுனன்.

"இத்தனை வருஷமா நீ போட்ட சோறுதான் என்னைக் கெடுத்துது" என்றார்.

"போட்டது நான். மூணாவது தடவை கேட்டது யாரு?" என்றாள் பாஞ்சாலி.

ஆனால் ஒயரை வெட்டிக் கட்டும் பொறுப்பு அர்ஜுனனுக்கே வந்தது. சந்தாபுராவில் இருக்கும் கோடவுனின் சிமெண்டுத் தரையில், சாக்பீஸால் கப்பலை முழு அளவில் வரைந்தார்கள். இது கப்பல் முதலாளியின் அறை, இது சாப்பாட்டு ஹால், இது கேப்டன் உட்காரும் இடம். அந்தக் கோடுகள் மேலேயே ஒயரைப் போட்டு அளந்தார் அர்ஜுனன். இரண்டாம் நாளே செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறத் தொடங்கினார். மதியச் சாப்பாட்டை சாப்பாட்டு ஹாலில் வைத்துத்தான் தின்றார். பிறகு முதலாளியின் அறையில் அரை மணி நேரம் படுத்தார். ஒருநாள் கோவிந்தப்பா போனில் பேசிக்கொண்டே குறுக்கே நடந்து வந்தபோது, படுத்தபடியே சொன்னார்:

"சார், சுவர்."

கோவிந்தப்பா திடுக்கிட்டுப் பின்வாங்கி, கதவு வழியாக வந்தார்.

கடைசி நாள். அறுபத்திரண்டு ஒயரும் தயார். மறுநாள் ஹரிஷ்குமார் புறப்பட வேண்டும். அவர் புதுத் தொப்பி ஒன்று வாங்கியிருப்பதாகப் பாஞ்சாலி காலையில்தான் சொல்லியிருந்தாள். அர்ஜுனன் சாக்பீஸ் கப்பலின் நடுவே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, முதலாளி அறை டி.வி.க்குப் போகும் ஒயரின் ஒரு முனை லேபிளையும், என்ஜின் ரூமைக் காட்டும் கேப்டனின் திரைக்குப் போகும் ஒயரின் ஒரு முனை லேபிளையும் உரித்து, இடம் மாற்றி ஒட்டினார். கப்பலில் குழப்பம் வரும்; ஒயரைக் கட்டியவனைக் கூப்பிடுவார்கள்; பஸ் டிக்கெட் வரும். இதுதான் திட்டம். இருபத்திரண்டு வருஷ கர்வத்தை ஒரு கப்பல் சவாரிக்காகக் கொடுத்தார்.

ஹரிஷ்குமார் போய்ப் பதினெட்டு நாள். தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம்: கப்பலின் மூக்கு, கப்பலின் வால், கப்பல் தரை அழுக்காகாமல் காலில் வெள்ளை உறை மாட்டிய ஹரிஷ்குமார். அர்ஜுனன் எல்லாவற்றையும் பாஞ்சாலியின் போனில் பார்த்தார். தன் போனில் பார்த்தால் பார்த்தது தெரிந்துவிடும்.

ஒருமுறை ஹரிஷ்குமாரே போன் செய்தார்.

"மச்சா, நரகம்டா. சந்துக்குள்ள வேர்த்து ஊத்துது. கப்பல் ஆடுறதுல ரெண்டு தடவை வாந்தி."

போனை வைத்ததும் அர்ஜுனன் பாஞ்சாலியைப் பார்த்தார். "பாத்தியா, கடல்ல வாந்தி எடுக்கிறானாம். நம்ம வாந்தியெல்லாம் ஓசூர் பஸ்ஸோட சரி."

பத்தொன்பதாம் நாள் கோவிந்தப்பா கூப்பிட்டார். கப்பல் முதலாளி படுக்கையறையில் டி.வி. போட்டால் என்ஜின் ரூம் தெரிகிறதாம். கேப்டனின் திரையில் என்ஜினுக்குப் பதில் மாமியார் மருமகள் சண்டை சீரியல் ஓடுகிறதாம்.

"ஹரிஷால கண்டுபிடிக்க முடியுமே சார்" என்றார் அர்ஜுனன், மிகுந்த சிரமப்பட்டு.

"நாலு நாளா பாக்குறானாம், ஆகலயாம். கட்டினவன் வந்தாத்தான் ஆகும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கிளம்பு."

அர்ஜுனனும் ஒரு தொப்பி வாங்கினார்.

கோவாவில் கப்பல் ஒரு படகுத்துறையில் கட்டிக் கிடந்தது. வெள்ளை வெளேரென்று. செருப்பை விட்டுவிட்டு ஏறினார். வழி கேட்கவே இல்லை. கால்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கேப்டன் கைகொடுத்தார். பின்னாலேயே ஹரிஷ்குமார், முகம் கறுத்து, முழங்கை இரண்டும் சிராய்த்து.

எல்லா ஒயரும் வந்து சேரும் இரும்புப் பெட்டி படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. அதற்கு எந்தச் சந்தும் கிடையாது. யார் இடுப்புக்கும் அது கதவு திறக்கும். அர்ஜுனன் திறந்தார். டார்ச்சை அடித்தார்.

இரண்டு ஒயரிலும் புது லேபிள் இருந்தது. சரியான லேபிள். ஹரிஷ்குமாரின் கோணல் எழுத்து. லேபிளில் தேதி போடுவது அவர் பழக்கம், தேதியும் இருந்தது. கோவிந்தப்பா கூப்பிட்டதற்கு நாலு நாள் முந்தின தேதி. அதாவது, தப்பு தெரிந்த அன்றே கண்டுபிடித்து, சரியாக லேபிளும் ஒட்டிவிட்டு, பிளக்கை மட்டும் வேண்டுமென்றே மாற்றிச் சொருகி வைத்திருக்கிறார்.

அர்ஜுனன் திரும்பிப் பார்த்தார். கேப்டன் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார்.

"உன் லேபிள் ஒண்ணுகூட மாறாது, எனக்குத் தெரியாதா?" என்றார் ஹரிஷ்குமார், குரலைத் தாழ்த்தி. "கப்பல் பாக்கணும்னா வாயத் தொறந்து கேக்கலாம்ல மச்சா. சொருகு. அந்தாளு பாக்குறாரு."

அர்ஜுனன் சொருகினார். மேலே படுக்கையறையில் என்ஜின் மறைந்தது. கேப்டன் அவர் தோளைத் தட்டி, மேல்தளத்தில் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, இளநீர் கொடுக்கச் சொன்னார். ஹரிஷ்குமார் சந்துக்குள் மறுபடி படுத்தார். இன்னும் ஆறு ஸ்பீக்கர் பாக்கி. எதிரே கடல். அர்ஜுனன் ஒரு மணி நேரம் அதைப் பார்த்தார். ஹரிஷ்குமார் தயவில் பார்த்த கடல் அவருக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பாஞ்சாலி போன் செய்தாள். அர்ஜுனன் அவளிடம் எல்லாவற்றையும், லேபிள் உரித்ததைக்கூட, சொல்லிவிட்டார்.

"அவரு மனசு யாருக்கு வரும்" என்றாள் பாஞ்சாலி.

"அதான் நானும் சொல்றேன். எனக்கு ஏன் வரல? அந்தத் தப்பை அவன் பண்ணி, நான் மறைச்சிருந்தா, இப்ப பெரிய மனுஷன் நான்தானே?"

"அதுக்கும் வயிறு எரியுதா? பதிலுக்கு அவருக்கு நீங்க ஒரு நல்லது பண்ணுங்க, சரியாயிடும்."

ஹூப்ளி வரும்வரை அர்ஜுனன் யோசித்தார். ஹரிஷ்குமாருக்குக் கடன் கிடையாது. நோய் கிடையாது. மகள் படித்து வேலைக்குப் போய்விட்டாள். அப்பெண்டிக்ஸும் முன்பே எடுத்தாகிவிட்டது. உதவி செய்யலாம் என்றால் ஒரு கஷ்டமாவது இருக்க வேண்டாமா? அதற்கும் வழி வைக்காமல் வாழ்கிறான் பாவி என்று அலுத்துக்கொண்டே, பஸ் நின்றதும் இறங்கி, ஒரு டீ சொன்னார்.