மலையை வலம் வந்தே பழகிய கார்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் சாமி கும்பிடப் போவார்கள், மலையைச் சுற்றப் போவார்கள், சும்மா உட்கார்ந்திருக்கப் போவார்கள். காருக்கு ஸ்பிரிங் கட்டப் போனவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். 1982ஆம் வருஷ மே மாதம். என்னுடன் என் மனைவி மேகலாவும் வந்தாள். அவள் ஏன் வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

என்னிடம் ஒரு பழைய பியட் இருந்தது. பின்சீட்டைக் கழற்றி, இரட்டை கார்புரேட்டர் வைத்து, முன்பக்கத்தைத் தாழ்த்தி, சைலன்சரைத் தெருவே திட்டும்படி மாற்றி வைத்திருந்தேன். மெட்ராஸுக்கு வடக்கே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளம் உண்டு. எங்களைப் போன்ற கார்ப் பைத்தியங்கள் வருஷத்துக்கு ஓரிரு நாள் அதை வாடகைக்கு எடுத்து வண்டி ஓட்டுவோம். முந்தைய வருஷம் அங்கே ஓர் இடது வளைவில் என் வண்டி பம்பரமாகச் சுற்றி எண்ணெய் டிரம்களில் மோதியது. காறை எலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் கட்டுப் போட்டிருந்த எனக்குச் சோறு ஊட்டியவள் மேகலா. அடுத்த ஓட்டம் வந்தபோது அவள் ஒரே நிபந்தனை போட்டாள்: "வண்டிய சரிபண்ணுங்க. நான் பக்கத்துலயே உக்காந்து வரேன். எனக்கு பயம் வந்துச்சுன்னா வித்துடணும்." சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூட டீச்சர், அவளிடம் வாக்குக் கொடுத்தால் அது கல்வெட்டு மாதிரி.

திருவண்ணாமலை என்று முடிவானது ஒரு பஸ் டிரைவரால். கூரை மேல் வேர்க்கடலை மூட்டை, உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம், அப்படியும் அவருடைய வண்டி வளைவில் சாயாமல் போவதைச் செஞ்சியில் பார்த்து வாயைப் பிளந்தேன். "அது எங்க கரீம் பாய் கட்டின பட்டை சார்" என்றார். பட்டை என்றால் பின்சக்கரங்களைத் தாங்கும் வில் போன்ற ஸ்பிரிங் தகடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும்.

காலை நாலரைக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரியத் தொடங்கியது. நான் அதுவரை ரேடியேட்டர் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் எதிரே அது நின்றது. சமவெளியில் வேறு எதுவுமே இல்லாமல், யாரையும் துணைக்கு அழைக்காமல், தன்னந்தனியாக. என்னையறியாமல் கால் பெடலிலிருந்து எழுந்துவிட்டது. மேகலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கும்பிடுகிற ஆள் இல்லை, ஆனால் அந்த முள்ளை அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒன்பதே முக்காலுக்கு ஊருக்குள் நுழைந்தோம். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை, நாள் வாடகை முப்பது ரூபாய். வெள்ளைக்காரர் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு என் சைலன்சரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கரீம் பாய்க்கு நாற்பது வயதிருக்கும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. நான் கார்புரேட்டரைப் பற்றிப் பெருமையடிக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. வண்டியின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக இடுப்பால் அமுக்கி விட்டு, அது எத்தனை தடவை ஆடி நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார். பிறகு என்னை ஒரு ஓட்டு ஓட்டி வரச் சொல்லி, வந்ததும் நாலு டயரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள் ஓரம், நடு, வெளி ஓரம்.

"காத்து கம்மி சார். வெளி ஓரம்தான் வேலை செய்யுது, நடு சும்மா கெடக்குது. முப்பத்திரண்டு வைங்க. பட்டை பின்னால லூசு. அதான் வாலை ஆட்டுது."

என் கையிலிருந்த மீட்டரை வைத்து அளந்தேன். இருபத்தாறு பவுண்டு. கையை வைத்துப் பார்த்தே காற்று குறைவென்று சொல்கிற மனுஷரை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குச் சோதனை ஓட்டம். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஊரில் வண்டியைப் பழுது பார்த்தால் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பது வழக்கம். பதினாலு கிலோமீட்டர், நல்ல நிழல். அப்போதெல்லாம் சாதாரண நாளில் ஆள் நடமாட்டமே இருக்காது. "ஜனங்க நடக்குற எடத்துல இருபதுக்கு மேல போவாதீங்க, வெட்டவெளில மட்டும் அழுத்துங்க" என்றார். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் குறுக்கே மூன்று கோடு போட்டார். வளைவில் டயர் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு கோடு அழியும். அதைப் பார்த்துக் காற்றையும் பட்டையையும் மாற்ற வேண்டியது. எளிமையான கணக்கு.

மேகலா என் பக்கத்தில், பாய் பின்சீட் இருந்த இடத்தில் சாக்கு விரித்து. சுற்றும் வழியில் அடி அண்ணாமலையில் டீக்கு நிறுத்தினோம். டீக்கடைக்காரர் டயரையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாங்க, டயருக்குப் பட்டை போட்டுட்டு வலம் வரீங்களா?" விபூதிப் பட்டை என்று நினைத்திருக்கிறார். "உள்ளயும் பட்டைதான் பிரச்சினை, வெளியயும் பட்டைதான்" என்றாள் மேகலா. பாய் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

இரண்டு நாளில் ஒன்பது சுற்று. மலையைப் பற்றி நான் எழுதினால் அடங்காது. கிழக்கேயிருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரம், கொஞ்ச தூரம் போனால் இரண்டாகப் பிரிகிறது, மேற்கே வந்தால் வேறு ஏதோ மலை போல அகலமாகப் படுத்திருக்கிறது. வேகத்தைப் பார்ப்பதா, அதைப் பார்ப்பதா என்று திண்டாடினேன். வண்டியும் சுற்றுக்குச் சுற்று தேறியது. இடப்பக்க டயர்களில்தான் கோடு அதிகமாக அழிந்தது. அதனால் பாய் இடப்பக்கத்தில் ஒரு குட்டிப் பட்டையைச் சேர்த்தார், இடப்பக்கக் காற்றை மூன்று பவுண்டு ஏற்றினார். வலப்பக்க டயரில் கோடு அழியவே இல்லை. "அது நல்லா கீது, அதைத் தொடாதீங்க" என்றார். ஒன்பதாவது சுற்றில் வண்டி தண்டவாளத்தில் போவது போல வளைந்தது. நான் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தேன்.

அறைக்கு வந்ததும் மேகலா தைலம் தேய்க்கச் சொன்னாள். "ஏங்க, எனக்கு இடது தோள் மட்டும் கன்னிப் போயிருக்கு, கதவுல மோதி மோதி. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. ஏன்?"

தைலக் குப்பி கையிலேயே நின்றுவிட்டது.

மலையை வலம் வரும்போது மலை எப்போதும் வலப்பக்கம். வண்டி எப்போதும் வலப்பக்கமே திரும்புகிறது. நடுவில் இடது வளைவுகள் இல்லாமல் இல்லை, ஆனால் அவை ஊருக்குள், இருபதில் போன இடங்கள். ஒன்பது சுற்றும் சுற்றி, வலப்பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்த ஒரு காரைத் தயார் பண்ணியிருக்கிறோம். நான் எலும்பை உடைத்துக்கொண்டதோ இடது வளைவில்.

ஓடினேன் பாயிடம். கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இருவது வருஷமா பஸ்ஸுக்குக் கட்டுறேன் சார். ஒண்ணும் ஆனதில்ல. பஸ்ஸுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கட்டுவேன். பந்தய வண்டின்னு சொன்னீங்களா, கோட்டைப் பார்த்து ஜாஸ்தி புத்திசாலித்தனம் பண்ணிட்டேன்!"

"சரி, நாளைக்குக் காலைல ஒரு தடவை மட்டும் எதிர்ப்பக்கமா சுத்திடலாம்" என்றேன். பாய் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"சார், நான் அஞ்சு வேளை தொழுறவன். அது வேற. ஆனா பொறந்தது இந்த ஊரு. மலையை இடது கைப் பக்கம் வச்சுக்கினு எங்க வூட்ல யாரும் சுத்தினதில்ல. நீங்க வேணா போங்க, நான் அந்த வண்டிய தொட மாட்டேன்." கோபமில்லை, கெஞ்சலுமில்லை. அந்த மலை அங்கே நிற்பதைச் சொல்வது போலச் சொன்னார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இரண்டு நாளாக அந்த மலையைப் பார்த்து நான் வியந்ததெல்லாம் இவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அவரே வழியும் சொன்னார். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ஏரி, கோடையில் வறண்டு கட்டாந்தரையாகக் கிடக்கும். இருபது கிலோமீட்டர். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நூற்றைம்பது அடி இடைவெளியில் இரண்டு கல்லை நட்டு, எட்டுப் போடுவது போல இரண்டையும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். மண்ணில் எந்த வண்டியும் வழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்த பிறகுதான் பட்டையைத் தொட வேண்டும் என்றார் பாய். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கரை மேல் ஏறி நின்றுகொண்டார்கள்.

மேகலா ஏறி உட்கார்ந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வலது கல்லை முப்பத்தைந்தில் சுற்றினேன், அருமை. அதே வேகத்தில் இடது கல். பின்பக்கம் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் பிய்த்துக்கொண்டு போனது. வானம், கரை, ஆடு, பாய், மறுபடியும் வானம். ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் புழுதிக்குள் எஞ்சின் நின்றது.

அவள் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"பயந்துட்டியா?"

"பயந்துட்டேன்."

அவ்வளவுதான். வாக்கு வாக்குதான். சாவியைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன்: "சரி. வித்துடறேன்." ஓடி வந்த பாய் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

மேகலா முகத்துப் புழுதியை முந்தானையால் துடைத்தாள். "இருங்க. போன வருஷம் வண்டி ஏன் சுத்துச்சுன்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஒரு வருஷமா எனக்கு அதுதான் பயம். இது ஏன் சுத்துச்சுன்னு நமக்குத் தெரியுதுல்ல?" பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "பாய், வலது பக்கமும் அதே மாதிரி ஒரு பட்டை போடுங்க."

பாய் சாக்குப் பையில் இன்னொரு குட்டிப் பட்டையைக் கொண்டு வந்திருந்தார். கருவேல மர நிழலில் இரண்டு மணி நேர வேலை. நாலு டயருக்கும் காற்று முப்பத்திரண்டு. மறுபடி எட்டுப் போட்டேன், மேகலா பக்கத்தில்தான். வலப்பக்கம் முன்பு போல அவ்வளவு பிரமாதமாக இல்லை. ஆனால் இடப்பக்கமும் அதே அளவுக்கு வழுக்கி, அதே அளவுக்குப் பிடித்தது. "இப்ப ரெண்டு கையும் ஒண்ணு சார்" என்றார் பாய். கூலி கொடுத்தபோது பட்டைக்கும் அன்றைய வேலைக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். முதல் இரண்டு நாள் தன் தப்பாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெட்ராஸிலிருந்து விடியுமுன் கிளம்பினால்தான் மலையை நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம், செஞ்சி வழியே சிறந்தது. மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, நான் நடந்து கொப்புளம் வாங்கினேன். கிரிவலப் பாதையில் இன்று காரில் வேகம் காட்ட நினைக்காதீர்கள், இப்போது அது முழுக்க நடப்பவர்களின் பாதை. நடந்தே சுற்றுங்கள், நிதானமாக நாலு மணி நேரம் ஆகும். காரைத் தயார் பண்ணுகிறவர்கள் காற்றைக் குளிர்ந்த டயரில் மட்டுமல்ல, ஓட்டி வந்த சூட்டிலும் பாருங்கள், இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்கு எங்கே வலிக்கிறது என்றும் கேளுங்கள், எந்த மீட்டரும் அதைச் சொல்லாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் எட்டுச் சுற்று ஓட்டினேன். பக்கத்தில் ஆளை உட்கார வைக்க அங்கே அனுமதி கிடையாது. எட்டுச் சுற்றிலும் அந்த இடது வளைவை ஒரு வம்பும் இல்லாமல் தாண்டினேன். நேரக் கணக்கில் பதினோராவது இடம். ஓட்டம் முடிந்து வண்டியை நிறுத்தினால் கூடாரத்தில் மேகலாவைக் காணோம். வெயிலில் தேடிக்கொண்டு போனேன். அந்த வளைவுக்கு உள்பக்கம், கயிற்றுக்கு அப்பால், தண்ணீர்ப் பாட்டிலும் துண்டுமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க ஏன் நிக்கிற?"

"நீங்க விழுந்தா முதல்ல நான் வரணும்ல" என்றாள். "எட்டுத் தடவை வந்தீங்க. ஒரு தடவைகூட நான் கண்ணை மூடல."