மூலையைத் தொடாத பெருவிரல்

குளச்சலில் விசைப்படகில் வலையிழுக்கும் வின்ச் உருளையில் கயிறு பிடிப்பதில் ததேயுஸ் பேர் எடுத்தவன். 2008 மாசியில் அவனுடைய இடது பெருவிரல் கயிற்றுக்கும் உருளைக்கும் இடையில் அகப்பட்டது. தைத்தார்கள், எலும்பும் கூடியது. வளைவதற்குத்தான் மறுத்தது. அதன் பிறகு அவனுக்குக் கரைதான்.

பகலைக் கழிக்க ஓரிடம் கிடைத்தது. சவூதியிலிருந்து திரும்பிய ஜக்கரியா, டிவியும் வீடியோ கேமும் வைத்து ஒரு கடை நடத்தினார். அதில் ஒரு சண்டை விளையாட்டு. மொட்டைத்தலை வீரன் ஒருவனுக்குத் தனி அடி ஒன்று உண்டு. உள்ளங்கைகளிலிருந்து நெருப்புச் சக்கரம் பறக்கும். அதை வரவழைக்க, இடது பெருவிரல் திசைப்பொத்தானைக் கீழே அமுக்கி, எடுக்காமல் மூலைக்குச் சரிந்து, முன்பக்கம் போய்ச் சேர வேண்டும். சேரும் நேரத்தில் வலது கை அடிப்பொத்தானைத் தட்ட வேண்டும்.

"கீழ, மூலை, முன்ன, அடி. நீ கயிறு விடுக மாதிரிதான் மக்கா," என்றார் ஜக்கரியா.

அந்தச் சொல் ததேயுஸுக்குள் தைத்துவிட்டது. வின்ச்சிலும் அப்படித்தான், கயிற்றைப் பெருவிரலால் அழுத்தி, வழுக்கவிட்டு, நேரம் பார்த்து இறுக்க வேண்டும். முதலில் மொட்டையன் குனிந்து நிமிர்ந்து வெறுங்குத்துதான் குத்தினான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ததேயுஸ் விடவில்லை. அடுத்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் வருவதற்குள் நினைத்தபோதெல்லாம் சக்கரம் பறந்தது.

நேராக மச்சான் சகாயத்திடம் போனான். படகு சகாயத்தினுடையது.

"கை சரியாயிட்டு மச்சான். கேமுல நெருப்பெல்லாம் விடுகேன். தடை முடிஞ்சா கயித்துல நான் நிக்கேன்."

அடுத்த பருவத்துக்குக் கயிற்றுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த சகாயம் அதோடு தேடுவதை விட்டார்.

தடை முடிந்து கடலுக்குப் போவதற்கு முந்தின நாள், ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தான். வியர்வையில் விரல் வழுக்கிக் கீழிருந்து முன்பக்கத்துக்குத் தாவிவிட்டது. மூலையைத் தொடவே இல்லை. ஆனாலும் சக்கரம் பறந்தது.

"காக்கா, நான் தப்பால்லா அமுக்கினேன்?" என்று ஜக்கரியாவிடம் கேட்டான்.

"கொஞ்சம் தப்பினாலும் அது ஏத்துக்கிடும். எல்லாம் கறாரா இருந்தா எவன் விளையாட வருவான்?"

ததேயுஸ் திரையை விட்டுவிட்டு விரலையே பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப அமுக்கினான். ஒரு தடவைகூட அது மூலைக்குச் சரியவில்லை, தாவித்தான் போனது. இத்தனை மாதமும் விளையாட்டுதான் அவனுக்காக இறங்கி வந்திருக்கிறது. கயிறு அப்படி இறங்கி வராது. அங்கே தப்பினால் பக்கத்தில் நிற்பவன் கை போகும்.

துறைமுகத்தில் சகாயம் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், கயித்துக்கு வேற ஆளப் பாரும்."

"நாளைக்குப் போணும், இப்ப வந்து சொல்லுகியா லேய்? நெருப்பெல்லாம் விடுகேன்னு சொன்னியே."

"நெருப்பு வருது. வெரலு வரல்ல."

சகாயம் அந்தக் கையை வாங்கிப் பெருவிரலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"அடுப்பு பாக்க ஆளு உண்டுமா?" என்று கேட்டான் ததேயுஸ்.

"உனக்குச் சோறு வைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"மொதல்ல வந்தப்போ கயிறும்தான் தெரியாது. காலையில வா."

மறுநாள் கடலில் சகாயமே கயிற்றில் நின்றார். வின்ச் ஓடத் தொடங்கியதும் ததேயுஸின் இடது கை தானாக எழுந்தது. அவன் அதை அரிசிப் பானைக்குள் இறக்கிக் களையத் தொடங்கினான்.