இலவச அருங்காட்சியகமும் நான் திருப்பித் தராத படமும்

திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள முன்னாள் படைவீரர் அருங்காட்சியகம் திங்கள் தவிர எல்லா நாளும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. பொறுப்பாளரான ஓய்வுபெற்ற ஹவில்தாரிடம் நேற்றுக் காலை போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

நான் போனது போன சனிக்கிழமை. செய்தியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அதிகம் பேர் போகாத இடங்களை இந்த வலைப்பூவுக்காகப் பார்த்து வருகிறேன். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் 8.10க்குப் புறப்பட்டு, ஒன்றரை மணி நேரத்தில் திருச்செங்கோடு, 45 ரூபாய். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் டவுன் பஸ், பத்து ரூபாய்.

"டிக்கெட் எங்கேங்க?" என்று வாசலில் கேட்டேன்.

"அதெல்லாம் கிடையாதுங்க. செருப்ப மட்டும் வெளிய உடுங்க. அதுக்கும் காசில்லீங்க" என்றார் ஹவில்தார்.

ஒரே கூடம்தான். பதக்கங்கள், தகரப் பெட்டிகள், பனிமலைக்கான பூட்ஸ். பின்சுவரில், பணியில் உயிரிழந்த சுற்றுவட்டார வீரர்களின் படங்கள், எல்லாமே சீருடையில். ஒரு சட்டத்தில் பெயர் மட்டும் இருந்தது, படம் இல்லை. செல்லமுத்து. அந்தப் பெயரை நான் ஒருமுறை செய்தியில் எழுதியிருக்கிறேன்.

"வேட்டி கட்டுன போட்டோ இருக்குதுங்க. அவரு ஊட்டுக்காரம்மா ஒத்துக்கலீங்க. யூனிபார்ம் போட்டோவ எந்தப் பேப்பர்காரனோ வாங்கிட்டுப் போயிட்டானாமுங்க" என்றார்.

அந்தப் பேப்பர்காரன் நான்தான். செல்லமுத்து எல்லையில் இறந்த வாரம், வீட்டிலிருந்த ஒரே சீருடைப் படத்தை வாங்கிப் போனேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். செய்தி வந்த மறுநாளே தேர்தல் வேலை. படம் இருந்த உறையை மேசை இழுப்பறையில் போட்டேன். பிறகு அலுவலகம் இடம் மாறியது.

ஹவில்தாரிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

செல்லமுத்துவின் மனைவி பாப்பாத்தி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நாளைக்கே தாரேன்னீங்க. உங்க ஊருல நாளைக்கு வர இருவது வருசத்துக்கு மேல ஆகுமுங்களா?"

வேட்டிப் படத்தை மாட்டலாமே என்று கேட்டது இன்னொரு தவறு.

"பதினெட்டு வயசுல ஊட்டுக்குச் சொல்லாம ஓடிப்போயி வாங்குன உடுப்புங்க அது. எல்லாரும் அதோட நிக்கறப்ப இவர மட்டும் மாப்பிள்ளையாட்டம் நிறுத்தச் சொல்றீங்களா?" பிறகு, "காப்பி குடிச்சுட்டுப் போங்க. போட்டோதான் வரல, மனுசனாச்சும் வந்தீங்களே" என்றார்.

அருங்காட்சியகத்தின் பக்கத்தில் ஓட்டல் இல்லை; திருச்செங்கோட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு வீரர்களின் பழைய படங்களையும் அங்கு ஏற்கிறார்கள். உங்கள் கண்ணெதிரே செல்போனில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், ஒரே பிரதியை யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

செய்தித்தாளின் பழைய தொகுப்பைத் திங்களன்று பார்த்தேன். அச்சில் செல்லமுத்துவின் முகம் வெறும் மைப்புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தபோது கண்கள் தெரியவில்லை. பழைய அலுவலகத்தின் பொருட்கள் சேலத்தில் ஒரு கிடங்கில் கட்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றை வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிரிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்று மாலையே நேரில் வந்து சொல்வதாகப் பாப்பாத்தியிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.