டோரீனின் பச்சைச் சீட்டு

எங்கள் லித்கோ ஊரில் பச்சைச் சீட்டு என்கிற கட்டாயக் காப்பீட்டுத் தாள் இல்லாமல் எந்த வண்டியையும் பதிவு செய்ய முடியாது. அந்தத் தாள் பச்சையாக இருந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் காப்பீடு வந்துவிட்டது என்ற நினைப்பும் ஊரில் அப்படியே ஒட்டிக்கொண்டது. டோரீன் ஹாட்ஜ்கிஸ் அப்படிச் சும்மா நினைத்துக்கொண்டவள் இல்லை. அவள் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் அவளும் நானும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். விடியுமுன் ஷிப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினாள். தனக்கென்று ஆசைப்பட்டு அவள் வாங்கிய முதல் பொருள் அது. தங்கை புருஷன் கெல்வின் வண்டி விற்கும் கடையில் இருப்பவன், விஷயம் தெரிந்தவன். அவனிடம் போய் நின்றாள்.

"பச்சைச் சீட்டு மட்டும் போதுமா கெல்வின்? வேற ஏதோ சேத்து எடுக்கலாம்னு சொல்றாங்களே."

"அதெல்லாம் நம்ம இஷ்டம், கட்டாயமில்ல. உன் ஓட்டை வண்டிய எவன் திருடப் போறான்? தண்டச் செலவு. தைரியமா ஓட்டு, போ!"

அந்தச் சீட்டு அடிபட்ட மனுஷருக்குத்தான் பணம் கொடுக்கும், நசுங்கிய தகரத்துக்குக் கொடுக்காது. இதை மட்டும் அவன் சொல்லவில்லை.

ஜூலை மாதம், எங்கள் பக்கத்துக் குளிர்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். தெருவெல்லாம் உறைபனி. சக்கரம் வழுக்கி, வாசலில் நின்ற கெல்வினின் புது யூட்டில், பின்னால் சாமான் தட்டு வைத்த காரில், போய் மோதினாள். அவளுக்குக் கீறல்கூட இல்லை. யூட்டின் கதவு நசுங்கி உள்ளே போய்விட்டது.

"வண்டி கெடக்கு, விடு," என்று கெல்வின் அவளைத் தூக்கிவிட்டான். "எனக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கு, அவங்க பாத்துக்குவாங்க. சாசேஜ் ஆறிடும், உள்ள வா."

அவனைக் கட்டிக்கொண்டு அழுதாளாம் பைத்தியக்காரி.

அடுத்த மாதம் வேலை நேரத்தில் போன் வந்தது. கெல்வினின் காப்பீட்டுக் கம்பெனி. இடித்தவள் அவள்தான் என்று பெயரும் விலாசமும் கிடைத்திருக்கிறதாம்; பழுது பார்த்த செலவு முழுவதையும் அவள் கட்ட வேண்டுமாம். இடித்தவர் பெயரைக் கொடுத்துவிட்டால் கெல்வின் தன் பங்குக்குக் கட்ட வேண்டிய தொகை தள்ளுபடி. அந்தச் சொற்பத்துக்காகக் காட்டிக்கொடுத்திருக்கிறான். அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டாள்.

"என் பேரையா குடுத்த?"

"கேட்டாங்க, நடந்ததச் சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"வேற எடுக்க வேணாம்னு சொன்னதே நீதானே!"

"கட்டாயமில்லன்னுதானே சொன்னேன்? அதுல என்ன தப்பு?"

அந்தப் பணத்தைக் கட்ட வேறு வழியில்லை, மோட்டார் சைக்கிளை விற்க வேண்டியதாயிற்று. வாங்க வந்தவனும் அவனேதான், மகள் டெஸ்ஸுக்காம். நான் பக்கத்தில்தான் நின்றேன். சாவியை நீட்டும்போது டோரீன் கேட்டாள்: "இன்சூரன்ஸ்?"

"முழுசாப் போட்டுட்டேன். எம் பொண்ணாச்சே! பச்சைச் சீட்ட மட்டும் நம்பி ரோட்டுல விட்ருவேனா?"

"அப்போ நான் யாரு கெல்வின்?"

அவன் சாவியை வாங்கிக்கொண்டு, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்துகொண்டான்.