அபுதாபி மேடையில் விழுந்த தக்காளி

1976 பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. கணவரின் கம்பெனி மேனேஜர் அழைத்திருந்த ஒரு கலை நிகழ்ச்சிக்காக, மதியம் மூன்று மணிக்கு துபாய் சத்வாவில் ஷேர் டாக்ஸி பிடித்தோம். அபுதாபி ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். ஆளுக்குப் பதினைந்து திர்ஹம். நாலு வயது மகள் வித்யாவை விட்டுவர ஆளில்லை; அவளும் எங்களோடு. ஜன்னலை ஏற்றச் சொன்னேன், இறக்கச் சொன்னேன், மறுபடி ஏற்றச் சொன்னேன். "பாபிஜி, குழந்தைக்குக் குளிரா, உங்களுக்குப் பயமா?" என்று இந்தியில் கேட்டார் பட்டாணிய டிரைவர்.

"அங்கே மத்தவங்க என்ன பண்றாங்களோ அதையே பண்ணு. மேனேஜர் நம்ம பக்கத்துலதான் உட்காருவார்" என்றார் என் கணவர். எங்களுக்கு ஃபேமிலி குவார்ட்டர்ஸ் தருவதா என்று முடிவு செய்பவர் அந்த மேனேஜர். கிடைக்காவிட்டால் நானும் வித்யாவும் திருச்சிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆறு மணி. வெள்ளைக்காரர்களின் கிளப் ஹால். வாசலில் ஆளுக்கொரு காகிதப் பை தந்தார்கள்; உள்ளே பழுத்த தக்காளிகள். இந்த ஊர்த் தாம்பூலப் பை இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து மூன்றையும் கூடைக்குள் வைத்தேன். பக்கத்து வீட்டம்மாளுக்கென்று இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். கொடுத்தவர் ஏன் கண்ணடித்தார் என்று புரியவில்லை.

மேடையில் ஓர் இத்தாலியப் பெண். அறுபது வருஷத்துக்கு முன்பு அவர் நாட்டு ஃபியூச்சரிஸ்ட் கலைஞர்கள் இயந்திர இரைச்சலைச் சங்கீதம் என்றார்களாம். சூரிச்சில் 'டாடா' என்று பெயர் வைத்துக்கொண்ட இன்னொரு கலைஞர் கூட்டத்தார் அர்த்தமில்லாத ஒலிகளைக் கவிதை என்றார்களாம். இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறேன் என்றார். அட்டைக் குழாய்க்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, தகரப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக் கரகரவென்று சத்தம் எழுப்பியபடி, எந்த மொழியிலும் இல்லாத சொற்களைப் பாடினார். வித்யா குதித்துக் குதித்துக் கைதட்டினாள். எனக்கும் பிடிக்கத்தான் செய்தது.

பிறகு அவர் கைகளை விரித்தார். "அன்றைய சபையினர் அந்தக் கலைஞர்களைத் திட்டித் தக்காளி எறிவார்கள். உங்களிடமும் இருக்கிறதே, எறியுங்கள்!"

எனக்கு முகம் சுட்டது. நாலா பக்கமும் தக்காளி பறந்தது.

"மிஸஸ் ராஜன், நீங்கள் கடையே வைத்திருக்கிறீர்களே!" என்று என் கூடையைத் தூக்கிக் காட்டினார் மேனேஜர். ஹாலே சிரித்தது.

"போடும்மா, ப்ளீஸ். எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார் கணவர், தலையைக் குனிந்துகொண்டே.

ஒரு தக்காளியை எடுத்து எறிந்தேன். அது அந்தப் பெண்ணின் கன்னத்தில் போய் உடைந்தது. பலத்த கைதட்டல். "குவார்ட்டர்ஸ் பற்றிச் சனிக்கிழமை பேசலாம்" என்று கணவரின் முதுகில் தட்டினார் மேனேஜர்.

நிகழ்ச்சி முடிந்து, துண்டால் முகத்தைத் துடைத்தபடி அந்தப் பெண் எங்களிடம் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் வித்யா முந்திக்கொண்டாள். "ஸாரி ஆன்ட்டி. மை மம்மி இஸ் நாட் பேட்."

அவர் சிரித்துவிட்டு அவள் தலையைத் தடவினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டரைக்குத் திரும்பும் டாக்ஸி. புது வீட்டுக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை வாங்கலாம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் கணவர். திருச்சியில் கச்சேரி எவ்வளவு மோசமாக இருந்தாலும் மங்களம் வரை உட்கார்ந்திருப்போம். இங்கே எனக்குப் பிடித்த பாட்டுக்காரியைத்தான் அடித்திருக்கிறேன்.

"வாடா கண்ணு, தூங்கு" என்று மடியைத் தட்டினேன். வித்யா அவள் அப்பாவின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.